இடம் பிடித்தல்

கீழ்வரிசை, இடப்பக்கம், முதல் கடைவாய்ப்பல்.
பிடுங்கி முடிக்க
என் கைக்கடிகாரத்தில் நாலு நிமிடம்.
அதற்கு முன்னால், எக்ஸ்ரேயைப் பார்த்தபடி
டாக்டர் மக்சினோ கேட்ட கேள்விதான்
இன்னும் முடியவில்லை:
ராத்திரி பால் பாட்டிலோடு தூங்குவாளா,
எத்தனை வயது வரை?

அப்போது வினிப்பெக்கில், சார்ஜென்ட் அவென்யூவில்,
இரண்டாம் மாடி வாடகை.
மணிமொழிக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை.
ஆதிரை அழுவாள்.
அழுதால் கீழ்வீட்டுக்காரர்
துடைப்பக்கட்டையால் இடிப்பார்
தன் கூரையை, அதாவது என் தரையை.
மூன்றாவது இடிக்குள் பால் சூடாகியிருக்கும்,
சர்க்கரையும் கரைந்திருக்கும்.
ஒவ்வொரு இரவும் ஒரு பாட்டில் அமைதி வாங்கினேன்.
கடன் அவள் பெயரில் ஏறியது.

இவ்வளவும் இங்கிலீஷில் சொல்ல வரவில்லை.
"மூன்று வயது" என்றேன்.
மூன்றரை.

"அழுத்தும், வலிக்காது" என்றார் டாக்டர்.
"அழுத்துறதும் வலிதானே?"
என்று என்னைத் தமிழில் கேட்டாள்.
நான் மொழிபெயர்க்கவில்லை.
என் கட்டைவிரலை
அவள் பிடித்த இடம் வெளுத்துப் போயிருந்தது.

காருக்கும் ப்ளக் மாட்டித் தூங்கவைக்கும் ஊர்.
மைனஸ் இருபத்தொன்பது.
பஞ்சுத்துணியைக் கடித்தபடி
பின்சீட்டிலிருந்து கூப்பிட்டாள்: "அஃபா".
பள்ளிக்கூடத்தில் நான் படித்த ஆய்த எழுத்து
எதற்கும் உதவாதென்றே நினைத்திருந்தேன்.
"அஃபா, இது யாரோட உதடு?"

உன்னுடையதுதான்.
மரத்திருக்கிறது, மெல்லாதே.
மூன்று மணி நேரம் அந்த உதட்டுக்குக் காவல் இருந்தேன்.
கார்ட்டூன் பார்த்துக்கொண்டே அவள் பல் அதைத் தேடும்,
நான் விரலால் தட்டிவிடுவேன்.
துப்பாதே. உறிஞ்சாதே. கொப்பளிக்காதே.
கொடுத்த தாளில் எல்லாமே ஏகாரத்தில் முடிந்தன.
மாம்பழ ஜூஸ் டப்பாவின் தலையை
கத்தரியால் வெட்டி
கரண்டியில் ஊட்டினேன்,
ஸ்ட்ராவைக் குப்பையின் அடியில் ஒளித்துவிட்டு.
தயிர்சாதத்தில் ஒவ்வொரு கடுகாய்ப் பொறுக்கினேன்.
இருபத்திரண்டு. ஏன் எண்ணினேன் தெரியவில்லை.
எடைக்கு ஏற்ற மருந்து, ஆறு மில்லி, இரவு எட்டுக்கு.
தலையணைக்குப் பழைய துண்டு.
விடியும்போது அதில்
ரோஜா நிறத்தில் ஒரு சின்ன வட்டம்.

ஏழு மணிக்கு மணிமொழி வந்தாள்,
பூட்ஸைக் கழற்றாமலே போன் டார்ச்சை அடித்தாள்.
இரவெல்லாம் பதினாலு பேரின் பல்செட்டைக் கழுவி
டம்ளரில் போட்டுவிட்டு வந்தவள்,
மகளின் வாயில் அந்த ஒரு பள்ளத்தை
நெடுநேரம் பார்த்தாள்.
"நல்லா உறைஞ்சிருக்கு. இன்னிக்கு உப்புத்தண்ணி,
வெதுவெதுப்பா."
பிறகு, கையுறையைக் கழற்றியபடி,
என்னைப் பார்க்காமல்:
"சர்க்கரை, நான்தானே போன்ல போடச் சொன்னேன்."

அடுத்த மாதம் அங்கே ஒரு கம்பி மாட்டுவார்கள்.
புதுப் பல் வர ஐந்து வருடமாகும்,
அதுவரை பக்கத்துப் பல் சாய்ந்து
உட்கார்ந்துவிடக் கூடாது.
ஊரில் பஸ் ஜன்னல் வழியாகத்
துண்டு போட்டு இடம் பிடிப்போம், அதுபோல, என்றேன்.
ஆதிரை யோசித்தாள்.
"ட்ரைவர் திட்ட மாட்டாரா?"
திட்டுவார்.
"அப்புறம்?"
அப்புறம் என்ன, உட்கார்ந்துவிடுவோம்.

பல்லைப் போட்டுக் கொடுத்த பச்சை டப்பாவை
காதருகே குலுக்கிப் பார்த்தாள்.
கிலுக், கிலுக்.
பிறகு சோபா மேல் ஏறி நின்று குலுக்கினாள்.
பிறகு குதித்தாள்.
நானும் மணிமொழியும் ஒன்றாகத் தரையைப் பார்த்தோம்,
பழக்கம்.
கீழே இப்போது
எங்கள் துணி துவைக்கும் மெஷின் மட்டும்தான்.